பழைய பெயரை என்ன செய்வது?

வாசகர் கேள்வி – பதில்

நிரல் இடைமுகங்களில், அதாவது ஒரு நிரலை மற்ற நிரல்கள் அழைக்கப் பயன்படுத்தும் பெயர்களில், மாற்றம் செய்வது பற்றி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் படித்தபோது, எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி நிற்பது தெரிந்தது. பெயர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை; தெளிவில்லாத அந்தப் பெயரையே நம்பி ஏற்கெனவே நிரல் எழுதிவிட்டவர்களை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். எனவே இந்த முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் உள் நூலகத்தில் (பல குழுக்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில்) ‘கெட்யூசர்’ என்றொரு செயற்கூறு (ஃபங்ஷன்) உள்ளது. பெயரைப் பார்த்தால் ஒரு பயனரைத் தேடித் தருவதுபோல் இருக்கும். ஆனால் அப்படி ஒருவர் இல்லையென்றால் புதிதாக உருவாக்கித் தந்துவிடும். இதை ‘கெட்ஆர்கிரியேட்யூசர்’ என்று மாற்ற விரும்புகிறேன். ஐந்து குழுக்கள் பயன்படுத்துகின்றன, தொடவே கூடாது என்கிறார் எங்கள் குழுத் தலைவர். யார் சொல்வது சரி?
— உள் நூலகம் ஒன்றைப் பராமரிக்கும் வாசகர்

பதில்: புதுப் பெயர் வேண்டும் என்பதில் நீங்கள் சரி. பழைய பெயரை எடுத்துவிடப் போகிறீர்கள் என்று உங்கள் தலைவர் அஞ்சுகிறார். அந்த அச்சமும் நியாயமானதே. ஆனால் புதுப் பெயரைத் தருவதும் பழைய பெயரை எடுப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். முதல் வேலையை இந்த வாரமே செய்யலாம். இரண்டாவதைப் பல மாதங்கள் கழித்துச் செய்யலாம், செய்யாமலேயும் விடலாம்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணை உறுத்தும் பெயர் வேறு, பொய் சொல்லும் பெயர் வேறு. யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கித் தரும்படி நிரல்கள் கேட்கும் கட்டளையின் (சிஸ்டம் கால்) பெயர், ‘கிரியேட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் கடைசி ‘இ’ இல்லாமல் நிற்கிறது. யூனிக்ஸை மறுபடி எழுத வாய்ப்புக் கிடைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த ‘இ’யைச் சேர்ப்பேன் என்றார் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன். அரை நூற்றாண்டாக அந்த எழுத்து இல்லாமலே உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் அந்தப் பெயரால் யாரும் ஏமாறவில்லை. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையில், பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதைச் சொல்லும் ‘ரெஃபரர்’ தலைப்புவரியின் கதையும் இதுவே. நடுவில் இரண்டு ‘ஆர்’ வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி வரிசையில் 1996-இல் வெளியான 1945-ஆம் ஆவணத்திலேயே அந்தப் பிழை பதிவாகிவிட்டது. பிற்காலத்தில் வந்த ‘ரெஃபரர்-பாலிசி’ என்ற தலைப்புவரியைச் சரியான எழுத்துகளோடு எழுதினார்கள். விளைவு, எதில் ஒற்றை, எதில் இரட்டை என்று இன்றும் ஒவ்வொரு நிரலரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிழையை அப்படியே தொடர்ந்திருந்தால் தொல்லை இன்னும் குறைவாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

உங்கள் ‘கெட்யூசர்’ அந்த வகையைச் சேர்ந்ததில்லை. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஏறக்குறைய இதே செயற்கூறு இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம், ஒரு நீண்ட மின்னஞ்சல் பட்டியலைக் கொடுத்து, இவர்களில் யாரெல்லாம் ஏற்கெனவே நம் பயனர்கள் என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். அவர் ஒரு சுழற்சிக்குள் அந்தச் செயற்கூறை அழைத்து, பதில் வந்தால் ‘இருக்கிறார்’ என்றும் வராவிட்டால் ‘இல்லை’ என்றும் எழுதினார். பட்டியலில் இருந்த அனைவரும் இருக்கிறார்கள் என்று அறிக்கை வந்தது. இருக்கிறாரா என்று கேட்கப்பட்ட ஒவ்வொருவரும், அப்படிக் கேட்டதனாலேயே பயனராகிவிட்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வரவேற்பு மின்னஞ்சல் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் புதியவரை அன்று சிலர் கடிந்துகொண்டார்கள். பெயரைப் படித்து அதை நம்பியதைத் தவிர அவர் வேறு தவறு எதுவும் செய்யவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. ‘கெட்ஆர்கிரியேட்யூசர்’ என்ற பெயரில் புதிய செயற்கூறை எழுதி, உண்மையான வேலை முழுவதையும் அதனுள் வையுங்கள். பழைய ‘கெட்யூசர்’ ஒரே வரியில் புதியதை அழைத்துவிட்டுத் திரும்பட்டும். இதைத் தலைகீழாக, அதாவது உடலைப் பழைய பெயரிலேயே விட்டுவிட்டுப் புதிய பெயரை வெறும் மறுபெயராக வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பிழை வரும்போது காட்டப்படும் அழைப்புத் தடத்தில் பழைய பெயரே வந்து நிற்கும், அடுத்த திருத்தத்தைச் செய்பவரும் பழைய பெயரையே படிப்பார். தேட மட்டும் செய்யும் ஒரு செயற்கூறும் உங்களுக்கு நிச்சயம் தேவைப்படும். அதற்கு ‘ஃபைண்ட்யூசர்’ போல இதுவரை யாரும் பயன்படுத்தாத பெயரைக் கொடுங்கள். காலியாகப் போகிற ‘கெட்யூசர்’ என்ற பெயரை அதற்குச் சூட்டலாமே என்ற ஆசை வரும்; அது ஏன் கூடாது என்பதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

கேள்வி: பெயர் நன்றாக இருக்கிறது, செயல்தான் பெயருக்கு ஏற்றபடி இல்லை என்றால், பெயரை விட்டுவிட்டுச் செயலைத் திருத்திவிடலாமே? இரண்டு பெயர்கள் வேண்டியதில்லையே?
— மென்பொருள் பொறியியல் மாணவர் ஒருவர்

பதில்: பார்க்க மிகச் சிக்கனமான வழி, நான் பார்த்தவற்றில் மிக ஆபத்தானதும் இதுதான்.

பைத்தான் மொழியின் 2-ஆம் பதிப்பில், விசைப்பலகையிலிருந்து உள்ளீடு வாங்க இரண்டு செயற்கூறுகள் இருந்தன. ‘ரா_இன்புட்’ என்பது பயனர் தட்டியதை எழுத்துச்சரமாக அப்படியே தரும். ‘இன்புட்’ என்பது தட்டியதை ஒரு பைத்தான் கோவையாகவே (எக்ஸ்பிரஷன்) எடுத்துக்கொண்டு கணக்கிட்டுத் தரும். எளிய, அழகிய பெயர் ஆபத்தான செயலுக்கும், கரடுமுரடான பெயர் பாதுகாப்பான செயலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 இதைச் சரிசெய்தது: பழைய ‘இன்புட்’டை நீக்கி, ‘ரா_இன்புட்’ செய்துவந்த வேலைக்கு ‘இன்புட்’ என்று பெயர் வைத்தது. வடிவமைப்பாகப் பார்த்தால் குறை சொல்ல எதுவுமில்லை.

இப்போது ஒரு பழைய நிரலைப் புதிய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். ஓர் எண்ணை ‘இன்புட்’ வழியாக வாங்கி, அதை இரண்டால் பெருக்கி அச்சிடும் நிரல் அது. பயனர் 5 என்று தட்டினால் பழைய பதிப்பில் 10 வரும். புதிய பதிப்பில் 55 வரும், ஏனென்றால் அங்கே 5 என்பது எழுத்துச்சரம், சரத்தை இரண்டால் பெருக்கினால் அது இருமுறை எழுதப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் தவறான விடையைத் தந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். எதிர்த்திசை இன்னும் மோசம். புதிய பதிப்புக்கென்று எழுதிய நிரலைத் தெரியாமல் பழைய பதிப்பில் ஓட்டினால், பயனர் தட்டுவது எதுவானாலும் அது நிரலாக இயங்கிவிடும்.

‘ரா_இன்புட்’ என்ற பெயரை அழைத்த நிரல்களுக்கு இந்தத் துன்பம் இல்லை. புதிய பதிப்பில் அந்தப் பெயரே இல்லாததால், முதல் ஓட்டத்திலேயே, அந்த வரியிலேயே, அப்படி ஒரு பெயர் இல்லை என்று நிரல் நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்தில் திருத்திவிடக்கூடிய பிழை அது. ஒரு பெயரை ஒழிப்பதால் வரும் செலவு உடனே கண்ணில் படும்; அதன் பொருளை மாற்றுவதால் வரும் செலவு எங்கே, என்றைக்கு, யார் கணக்கில் விழும் என்று சொல்லவே முடியாது. பைத்தான் குழுவுக்கு ஒரு பெரும்பதிப்பு மாற்றம் கையில் இருந்தது, மொழி முழுவதுமே மாறுகிறது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், ஆகவே அவர்களால் இதைத் தாங்க முடிந்தது. அப்படியிருந்தும் 2.7 பதிப்புக்கான ஆதரவை 2020 ஜனவரி 1 வரை அவர்கள் நீட்டிக்க வேண்டியிருந்தது. ஐந்து குழுக்கள் பயன்படுத்தும் உள் நூலகத்துக்கு அப்படி ஒரு வசதி கிடையாது.

கேள்வி: பழையதைத் தொடாமல் புதுப் பெயரை மட்டும் சேர்த்தால் யாருக்கும் எதுவும் உடையாது என்பது உறுதிதானே?
— திறந்த மூல நூலகம் ஒன்றில் பங்களிப்பவர்

பதில்: பெரும்பாலும் உடையாது என்று மட்டும் சொல்லலாம். விதிவிலக்குக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நல்ல பாடம்.

அடுக்குக்குள் அடுக்காக இருக்கும் அர்ரேயை (மதிப்புகளின் வரிசையை) ஒரே அடுக்காகத் தட்டையாக்கும் செயற்கூறை மொழியிலேயே சேர்க்க முடிவெடுத்தபோது, அதற்கு ‘ஃபிளாட்டன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைவிடத் தெளிவான பெயர் அந்தச் செயலுக்கு இல்லை. ஆனால் மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரில் தன் சொந்தச் செயற்கூறை எல்லா அர்ரேகளிலும் ஏற்கெனவே பொருத்தியிருந்தது. மேலும் அந்த நூலகம், அர்ரேயில் இருக்கும் செயற்கூறுகளை ஒரு சுழற்சியில் பெயர் பெயராக எண்ணி, தன் இன்னொரு தொகுப்பு வகைக்குப் பிரதி எடுத்துக்கொள்ளும். மொழியில் உள்ளமைந்த செயற்கூறுகள் அப்படிப்பட்ட சுழற்சியில் தென்படாதவை. அந்த இடத்தில் நூலகம் தன் செயற்கூறை எழுதினாலும், தென்படாத அந்தத் தன்மை அப்படியே தங்கிவிடும். ஆகவே பிரவுசரில் ‘ஃபிளாட்டன்’ உள்ளமைந்துவிட்ட மறுகணமே, பிரதி எடுக்கும் சுழற்சி அந்தப் பெயரைத் தவறவிட்டது. அந்த நூலகத்தை நம்பியிருந்த வலைத்தளம் உடைந்தது. 2018-இல் இது பெரிய விவாதமாகி, ‘ஸ்மூஷ்’ என்று பெயர் வைத்துவிடலாம் என்று கேலியாக ஒரு முன்மொழிவுகூட வந்தது. இறுதியில் ‘ஃபிளாட்’ என்ற பெயர் நிலைத்தது. அதற்கு முன்பும் இதே நூலகத்தின் காரணமாக ‘கன்டெயின்ஸ்’ என்று வரவேண்டியது ‘இன்க்ளூட்ஸ்’ ஆனது.

அதாவது, உங்கள் நூலகத்தின் வகுப்புகளை மற்றவர்கள் நீட்டித்துத் தங்கள் சொந்தச் செயற்கூறுகளைச் சேர்க்க முடியும் என்றால், நீங்கள் சூட்டும் நல்ல பெயர் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும்; நல்ல பெயர் என்பதால் அதற்கான வாய்ப்பும் அதிகம். நீட்டிக்க முடியாத, வெறுமனே அழைக்க மட்டுமே முடியும் செயற்கூறு என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: ஒரே வேலைக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் கற்றுக்கொள்பவர்கள் குழம்புகிறார்கள். நான் நிரலாக்கம் கற்பிப்பவர். ஒவ்வொரு வகுப்பிலும் ‘எதைப் பயன்படுத்துவது?’ என்ற கேள்விக்கே பாதி நேரம் போகிறது. இது தெளிவா, குழப்பமா?
— ஓர் ஆசிரியை

பதில்: உங்கள் புகார் உண்மையானது, பழைய நிரல் உடையாத இணக்கத்தை வலியுறுத்துகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதேயில்லை. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில், ‘செக்அவுட்’ என்ற கட்டளை ஒரு கிளையிலிருந்து (நிரலின் ஒரு தனிப் பிரதியிலிருந்து) இன்னொரு கிளைக்குத் தாவவும் உதவும், ஒரு கோப்பில் செய்த மாற்றங்களைத் தூக்கி எறியவும் உதவும். முதலாவதைச் செய்ய நினைத்து இரண்டாவதைச் செய்துவிட்டு, அன்றைய வேலையை இழந்தவர்கள் ஏராளம். 2019 ஆகஸ்டில் வெளியான கிட் 2.23 பதிப்பு, கிளை மாறுவதற்கு ‘ஸ்விட்ச்’ என்றும் கோப்பை மீட்பதற்கு ‘ரிஸ்டோர்’ என்றும் இரண்டு புதிய கட்டளைகளைச் சேர்த்தது. ‘செக்அவுட்’ இன்றும் அப்படியே இருக்கிறது. புத்தகங்களிலும் அனுபவசாலிகளின் விரல்களிலும் பழையதே இருப்பதால், உங்கள் மாணவர்கள் இரண்டையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

என் யோசனை: எழுதக் கற்றுக்கொடுப்பது புதியதை மட்டும், படிக்கக் கற்றுக்கொடுப்பது இரண்டையும். பராமரிப்பாளர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஆவணத்தின் முதன்மைப் பக்கங்களிலும் எல்லா எடுத்துக்காட்டுகளிலும் புதிய பெயர் மட்டுமே வரவேண்டும். பழைய பெயருக்கு, தேடி வருபவர் கண்டுபிடிக்கும்படி ஒரு சிறு குறிப்பு போதும். ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் ஓரத்து இடைவெளியை நீக்கும் ‘ட்ரிம்லெஃப்ட்’டை நான் இங்கே பாராட்டுவேன். அரபு, ஹீப்ரு போன்ற எழுத்துகளில் சரத்தின் தொடக்கம் வலப்பக்கம் இருப்பதால் ‘லெஃப்ட்’ என்ற சொல் பொருந்தாது. 2019-ஆம் ஆண்டுத் தரநிலையில் ‘ட்ரிம்ஸ்டார்ட்’ என்ற பெயர் வந்தது. பழைய பெயரும் வேலை செய்யும், ஆனால் ‘ட்ரிம்லெஃப்ட்’டிடம் உன் பெயர் என்ன என்று நிரலிலேயே கேட்டால், ‘ட்ரிம்ஸ்டார்ட்’ என்றுதான் பதில் சொல்லும். இரண்டும் ஒரே பொருள், எது முதன்மை என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி: பழைய பெயருக்கு ‘டெப்ரிகேட்டட்’ (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறியிட்ட பிறகு, எத்தனை நாள் கழித்து நீக்கலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எல்லோருக்கும் பொருந்தும் ஒரு கெடு இல்லை. ஆனால் நடைமுறையில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு எது பொருந்தும் என்பது ஓரளவு விளங்கும்.

ஒரு முனையில் ஜாவா இருக்கிறது. அதன் ‘டேட்’ வகுப்பில் ‘கெட்இயர்’ என்ற செயற்கூறு, ஆண்டிலிருந்து 1900-ஐக் கழித்துத் தருகிறது. 2024-ஆம் ஆண்டைக் கேட்டால் 124 என்று சொல்லும். 1997-இல் வந்த 1.1 பதிப்பிலேயே அதற்கு டெப்ரிகேட்டட் முத்திரை குத்திவிட்டார்கள், ஆனாலும் அது இன்றும் அங்கே இருக்கிறது. 2014-இல் ஜாவா 8 தேதிகளுக்கென்று முற்றிலும் புதிய வகுப்புகளைக் கொண்டுவந்தபோது, அவற்றில் ‘கெட்இயர்’ ஒழுங்காக 2024 என்றே சொல்லும்படி செய்தார்கள். பெயர் அதே பெயர்தான் என்றாலும், அது இருக்கும் வகுப்பு வேறு என்பதால் பழைய நிரல் எதுவும் அசையவில்லை.

நடுவில் பைத்தானின் சோதனைக் கருவி. ‘அசர்ட்ஈக்வல்’ என்பதற்கு, கடைசியில் ஒரு ‘எஸ்’ சேர்ந்த மறுபெயர் ஒன்று இருந்தது. 2011-இல் 3.2 பதிப்பில் அதை டெப்ரிகேட் செய்தார்கள், 2023-இல் 3.12 பதிப்பில் நீக்கினார்கள். ஒரே ஓர் எழுத்துக்கு 12 ஆண்டுகள். மறுமுனையில், சர்வர்களில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ்: அதன் பீட்டா நிலை (இன்னும் முழுமையாக முடிவாகாத) ஏபிஐகளை, அதாவது நிரல் இடைமுகங்களை, டெப்ரிகேட் செய்தபின் 9 மாதங்கள் அல்லது 3 பதிப்புகள், இவற்றில் எது நீண்டதோ அதுவரை காத்திருந்து நிறுத்திவிடலாம் என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாட்களின் எண்ணிக்கையைவிட, உங்கள் முத்திரைக்கு என்ன பொருள் என்பது தெளிவாக இருப்பதுதான் முக்கியம். ‘இதைவிட நல்லது வேறொன்று உண்டு’ என்று சொல்கிறீர்களா, ‘இது போகப்போகிறது’ என்று சொல்கிறீர்களா? ஜாவாவில் நெடுங்காலம் இரண்டுக்கும் ஒரே முத்திரைதான் இருந்தது. எதுவும் போகாததைப் பார்த்துப் பழகிய நிரலர்கள் எச்சரிக்கையையே மதிப்பதை விட்டுவிட்டார்கள். 2017-இல் ஜாவா 9, நீக்கப்படப்போவதைத் தனியாகக் குறிக்க ‘ஃபார்ரிமூவல்’ என்றொரு பண்பைச் சேர்த்ததும் இதனால்தான். உங்கள் நூலகத்தில் அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். நீக்கப்போவதாக இருந்தால் எந்தப் பதிப்பில் என்று எண்ணோடு எழுதுங்கள், நீக்கும் எண்ணம் இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எச்சரிக்கை அச்சிட்டும் ஒருவர்கூட மாறவில்லை. ஓர் ஆண்டு ஆகிவிட்டது.
— முதல் கேள்வியைக் கேட்டவரைப் போன்ற நிலையில் இருப்பவர்

பதில்: எச்சரிக்கையில் என்ன எழுதியிருந்தீர்கள் என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. ‘இந்தச் செயற்கூறு வழக்கொழிந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால், படிப்பவர் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் அதைக் கடந்து போய்விடுவார். எதற்குப் பதில் எது என்பதை அந்த வரியிலேயே சொல்ல வேண்டும். முடிந்தால் மாற்றும் வேலையையும் நீங்களே செய்து தர வேண்டும். ஸ்விஃப்ட் மொழியில் டெப்ரிகேட் செய்யும்போதே புதிய பெயரையும் சேர்த்து எழுத இடமிருக்கிறது. நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் அதைப் படித்து, மாற்றித்தரட்டுமா என்று நிரலரிடம் கேட்கும். 2016-இல் ஸ்விஃப்ட் 3 வந்தபோது பெயர்கள் பெருமளவில் மாறின. கருவி மாற்றிக்கொடுக்கும் என்ற துணிவு இல்லாமல் அதைச் செய்திருக்கவே முடியாது.

வலைப்பக்கங்களை உருவாக்க உதவும் ரியாக்ட் நூலகத்தின் குழு 2018-இல் 16.3 பதிப்பில் செய்தது எனக்குப் பிடித்த உத்தி. ‘காம்போனன்ட்வில்மவுன்ட்’ போன்ற சில செயற்கூறுகளைப் பலர் தவறாகப் பயன்படுத்திவந்தார்கள். அவற்றுக்கு அழகான மாற்றுப் பெயர் கொடுப்பதற்குப் பதிலாக, முன்னால் ‘அன்சேஃப்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்துகளில் ஒட்டி, உடன் தானாகவே மாற்றிக்கொடுக்கும் நிரலையும் வெளியிட்டார்கள். பழைய நிரல் ஒரே ஓட்டத்தில் மாறிவிடும். ஆனால் அதன் பிறகு அந்த வரியைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

உங்கள் நூலகத்தைப் பயன்படுத்தும் குழுக்களின் நிரலும் ஒரே களஞ்சியத்தில் (நிரல் சேமிப்பிடத்தில்) இருக்குமானால், எச்சரிக்கையே வேண்டாம். நீங்களே போய் மாற்றிவிட்டு, மறுஆய்வுக்கு அனுப்பிவையுங்கள்.

கேள்வி: செயற்கூறின் பெயரைத் தொடவில்லை, உள்ளே பாராமீட்டரின் (செயற்கூறு வாங்கிக்கொள்ளும் மதிப்பின்) பெயரை மட்டும்தான் மாற்றினேன். அதற்கும் புகார் வருகிறது. நியாயமா?
— பைத்தான் நிரலர்

பதில்: நியாயம்தான். பைத்தானில் பாராமீட்டரின் பெயரைச் சொல்லியே மதிப்பை அனுப்பலாம் என்பதால், அந்தப் பெயரும் உங்கள் இடைமுகத்தின் பகுதி. பிஎச்பி நிரலர்களுக்கு இந்த உண்மை 2020-இல் திடீரென்று வந்து சேர்ந்தது: 8.0 பதிப்பு பெயர்சொல்லி மதிப்பு அனுப்புவதை அனுமதித்தபோது, அதுவரை உள்விவகாரமாக இருந்த பாராமீட்டர் பெயர்கள் எல்லாம் ஒரே நாளில் பொதுச் சொத்தாகிவிட்டன. பைத்தான் 3.8 முதல், பாராமீட்டர் பட்டியலில் ஒரு சாய்கோடு இட்டால், அதற்கு முன்னால் உள்ளவற்றைப் பெயர்சொல்லி அனுப்ப முடியாது. பெயர் இன்னும் முடிவாகாத பாராமீட்டர்களுக்கு முதல் நாளே அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சர்வர், பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் ஜேசன் வடிவத்தில் அனுப்புவதில் ‘டேட்’ என்றொரு புலம் இருக்கிறது. அது பதிவு செய்த தேதியா, கடைசியாக மாற்றிய தேதியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ‘கிரியேட்டட்_அட்’ என்று மாற்றுவது எப்படி? மொபைல் செயலியின் பழைய பதிப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.
— சர்வர் பக்க நிரலர்

பதில்: நூலகத்தில் பெயர் மாற்றுவதைவிட இது கடினம், ஏனென்றால் இங்கே கம்பைலர் உங்களுக்குத் துணை இல்லை. புலம் காணாமல் போனால் பழைய செயலி பெரும்பாலும் பிழைகூடக் காட்டாது; தேதி இருந்த இடம் வெறுமையாகத் தெரியும், அவ்வளவுதான்.

சர்வர் அனுப்பும் திசையில் வேலை எளிது: இரண்டு புலங்களையும் ஒரே மதிப்போடு அனுப்புங்கள். செயலி உங்களுக்கு அனுப்பும் திசையில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு பெயர்களையும் ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒரே கோரிக்கையில் இரண்டும் வந்து, மதிப்புகள் வேறுவேறாக இருந்தால்? ஒரு பதிவை வாங்கி, புதிய புலத்தை மட்டும் திருத்தி, முழுவதையும் திருப்பி அனுப்பும் செயலி சரியாக இதைத்தான் செய்யும்: பழைய புலத்தில் பழைய தேதி, புதிய புலத்தில் புதிய தேதி. இதை முதல் நாளிலேயே யோசித்து முடிவெடுக்காத குழுக்களில், நிரலில் எந்த வரி கடைசியாக இருக்கிறதோ அதுவே முடிவெடுத்துவிடுகிறது. புதியது வந்தால் அதையே எடுத்துக்கொள்வது என்றோ, முரண்பட்டால் நிராகரிப்பது என்றோ வெளிப்படையாக எழுதுங்கள். உங்கள் செயலிகள் வாங்கியதை அப்படியே திருப்பி அனுப்புபவை என்றால் முதல் வழி; பிற நிறுவனங்களும் அழைக்கும் ஏபிஐ என்றால் இரண்டாவது.

தரவை அனுப்ப ஜேசனுக்குப் பதிலாகப் புரோட்டோகால் பஃபர் என்ற வடிவத்தைப் பயன்படுத்துவோர் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று சொல்வதுண்டு. அதன் பைனரி வடிவத்தில் புலத்தின் எண் மட்டுமே பயணிக்கும், பெயர் பயணிக்காது. எனவே பெயரை மாற்றினாலும் பழைய செயலி படித்துக்கொள்ளும். ஆனால் அதே செய்தியை எங்காவது ஓரிடத்தில், ஒரு பதிவேட்டிலோ ஒரு நுழைவாயில் சர்வரிலோ, ஜேசனாக மாற்றுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே பெயர் திரும்ப வந்துவிடும். அதற்கென்றே ஜேசனில் வரவேண்டிய பெயரைத் தனியாகக் குறிப்பிட ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். பழைய பெயரை அங்கே எழுதிவிட்டால் போதும்.

எப்போது பழைய புலத்தை நிறுத்துவது என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்; செயலியின் எந்தெந்தப் பதிப்புகள் இன்னும் சர்வரை அழைக்கின்றன என்று பதிவேட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். நிறுத்தும் நாளை நிரல் படிக்கும்படி அறிவிக்க ‘சன்செட்’ என்ற எச்டிடிபி தலைப்புவரியும் இருக்கிறது. 2019-இல் வந்த ஆர்எஃப்சி 8594 அதை வரையறுக்கிறது.

கேள்வி: என் நூலகத்துக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு பேர்தான் பயனர்கள். சில பெயர்கள் பிடிக்கவில்லை. பொறுத்திருந்து 2.0 பதிப்பில் மாற்றலாமா?
— முதல் நூலகத்தை வெளியிட்டவர்

பதில்: இன்றே மாற்றுங்கள். நிரலின் பகுதிகளைக் கட்டியெழுப்பும் ‘மேக்’ கருவியில் ஒவ்வொரு கட்டளை வரியும் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், இடைவெளி விட்டால் செல்லாது. 1976 முதல் நிரலர்களை வதைத்துவரும் விதி இது. அதை உருவாக்கிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், சிக்கலை உணர்ந்தபோது தமக்கு ஏறக்குறைய ஒரு டஜன் பயனர்கள் இருந்தார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: பொய் சொல்லும் பெயரை மாற்றியாக வேண்டும் என்று முன்பு ஒருமுறை இங்கே எழுதியிருந்தீர்கள். பொய் சொன்னாலும் விட்டுவைக்க வேண்டிய பெயர் என்று ஒன்றுகூட இல்லையா?
— நீண்டகால வாசகர்

பதில்: இருக்கிறது, அதனால் அந்த விதியைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். அழைப்பவர்களை நீங்கள் போய்ச் சேரவே முடியாது, அவர்கள் தங்கள் நிரலை இனி ஒருபோதும் திருத்தப்போவதும் இல்லை என்ற நிலையில், பொய்ப் பெயரோடு வாழ்வதைத் தவிர வழியில்லை.

64 பிட் விண்டோஸ் கணினி ஒன்றில் ‘சிஸ்டம்32’ என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். அதில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் எங்கே என்று கேட்டால், அவை ‘சிஸ்வாவ்64’ என்ற கோப்புறையில் இருக்கின்றன. பெயரின் முடிவில் உள்ள எண்ணை நம்பிப் போகும் எவரும் நேர் எதிரான இடத்துக்கே போய்ச் சேர்வார். கவனக்குறைவால் வந்ததில்லை இது. ‘சிஸ்டம்32’ என்ற பாதையை அப்படியே நிரலில் எழுதிவைத்த எண்ணற்ற மென்பொருள்கள் இருந்தன. அவற்றை 64 பிட்டுக்கு மாற்றி எழுதும்போது அந்தப் பாதையும் வேலை செய்யட்டும் என்று பழைய பெயரையே புதிய கோப்புகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலில் நான் கூடாது என்று சொன்ன அதே காரியம் இது. வேறுபாடு என்னவென்றால், மாறாமல் நிற்கும் 32 பிட் மென்பொருள்களை அவர்கள் கைவிடவில்லை. அப்படிப்பட்ட ஒன்று ‘சிஸ்டம்32’ என்று கேட்டால், இயங்குதளம் அதற்குத் தெரியாமலே ‘சிஸ்வாவ்64’ கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அந்தப் பெயருக்குப் பொருள் மாறுகிறது. ஆகவே பழைய மென்பொருள்கள் எதுவும் ஏமாறவில்லை, கோப்புறையைத் திறந்து பார்க்கும் மனிதர்கள்தான் குழம்புகிறார்கள்.

அப்படியானால், உண்மையான ‘சிஸ்டம்32’ கோப்புறையைப் பார்த்தே ஆகவேண்டிய 32 பிட் மென்பொருள் என்ன செய்யும்? அதற்காக விஸ்டா முதல் ‘சிஸ்நேட்டிவ்’ என்று மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் வட்டில் ஒரு கோப்புறையும் கிடையாது. 32 பிட் மென்பொருளிலிருந்து கேட்டால் மட்டும் அது இருக்கும்.